மைக்ரோவேவில் முழுச் சோளக்கதிர்: தோலோடு வைப்பதா, உரித்து வைப்பதா?

இரவுப்பசி:
வணக்கம். முழு ஸ்வீட் கார்ன் கதிரை மைக்ரோவேவில் வேகவைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரே ஒரு கதிருக்காகப் பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட மனசு வரவில்லை, அதனால்தான் இந்த வழி. தோலை உரித்துத் தட்டில் அப்படியே வைத்து 5 நிமிடம் ஓட்டுகிறேன். ஒரு பக்கம் முத்தெல்லாம் குழி விழுந்து, கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. காம்புப் பக்கம் பார்த்தால் பச்சை வாடைகூடப் போகவில்லை.

தோலோடு அப்படியே வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தீப்பிடிக்காதா? உள்ளே இருக்கிற நாரை அப்புறம் எப்படி எடுப்பது? எத்தனை நிமிடம் என்று கேட்டால் ஒருவர் 2 என்கிறார், இன்னொருவர் 8 என்கிறார். உப்பு எப்போது போடுவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கரண்டி:
உரித்து, மூடாமல் வைத்தால் முத்து சுருங்கத்தான் செய்யும். ஸ்வீட் கார்ன் முத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். வேகத் தேவையான ஈரம் அதற்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் நம் வேலை. மூடாமல் விட்டால் அந்த ஈரம் ஆவியாகிப் போய் முத்தின் தோல் உள்ளே அமுங்கிவிடும், நீங்கள் பார்க்கிற குழி அதுதான். பச்சைத் தோல் மேலே இருந்தால் ஆவி அதற்குள்ளேயே நின்று கதிரைச் சுற்றிலும் ஒரே மாதிரி வேகவைக்கும். வேறு மூடி, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

தீயைப் பற்றி. பச்சையாக, ஈரமாக இருக்கிற தோல் பிடிக்காது. கருகுவது நுனியில் தொங்குகிற காய்ந்த நாரும் சருகான வெளித்தோலும்தான். அவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, கதிரைக் குழாயில் ஒரு தடவை நனைத்து உள்ளே வையுங்கள். தோல் முழுக்கக் காய்ந்து பழுப்பாகிப் போன கதிராக இருந்தால் இந்த முறையே வேண்டாம், உரித்துவிடுங்கள்.

நார்தான் இதில் வேடிக்கை. வெந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், சூடு உள்ளே பரவி மிச்ச வேக்காடும் முடிந்துவிடும். பிறகு துணியால் பிடித்துப் பலகையில் படுக்கவைத்து, காம்புப் பக்கம் வட்டமாக ஒரே வெட்டு. காம்பை மட்டும் வெட்டினால் போதாது. முத்து தொடங்குகிற முதல் வரிசையும் சேர்ந்து போக வேண்டும், ஏனென்றால் தோல் தக்கையோடு ஒட்டியிருப்பது அந்த இடத்தில்தான். வெட்டியதும் நுனியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, மேலிருந்து கொஞ்சம் பிதுக்கி உதறுங்கள். கதிர் வழுக்கிக்கொண்டு கீழே வரும், நார் மொத்தமும் தோலோடு கையில் நின்றுவிடும். வரவில்லையென்றால் இழுத்துச் சண்டை போடாதீர்கள், வெட்டை இன்னும் அரை விரல் மேலே தள்ளிப் போடுங்கள். வெட்டிய வாயிலிருந்து கொதிக்கிற ஆவி சீறிக்கொண்டு வரும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்கணக்கு:
2 என்றவரும் பொய் சொல்லவில்லை, 8 என்றவரும் பொய் சொல்லவில்லை. எத்தனை வாட், எத்தனை கதிர் என்று சொல்லாமல் நிமிடத்தை மட்டும் சொன்னால் இப்படித்தான் குழப்பம் வரும்.

முதலில் உங்கள் மைக்ரோவேவின் பின்பக்கமோ கதவோரமோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். பெரிய எண் அது இழுக்கும் கரண்ட், சின்ன எண் உணவுக்குப் போய்ச் சேர்வது. கணக்குக்குச் சின்னதை எடுங்கள். 1000 வாட் என்றால் நடுத்தர அளவுக் கதிர் ஒன்றுக்கு, தோலோடு, 3 முதல் 4 நிமிடம். 1000 வாட்டில் 4 நிமிடம் கொடுக்கிற சூட்டை 800 வாட் கொடுக்க 5 நிமிடம் ஆகும், 700 வாட்டுக்கு 6-ஐ நெருங்கிவிடும்.

அடுத்து எண்ணிக்கை. கேஸ் அடுப்பில் ஒரு பானைக்குள் இரண்டு கதிர் போட்டாலும் நான்கு போட்டாலும் நேரம் பெரிதாக மாறாது. இங்கே அப்படியில்லை, இருக்கிற வாட்டைக் கதிர்கள் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டு கதிருக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு நேரம் வையுங்கள், ஒட்டி வைக்காமல் நடுவில் இடம்விட்டு, பாதியில் புரட்டிப் போடுங்கள். நான்கைத் தாண்டினால் மைக்ரோவேவால் மிச்சமாகிற நேரம் ஒன்றும் இல்லை, பானையே மேல்.

காம்புப் பக்கம் வேகாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கதிர் அங்கேதான் பருமன். அதோடு அடுப்புக்குள் சூடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழாது, தட்டு சுற்றுவதே அதற்காகத்தான். பாதியில் ஒரு தடவை திருப்பி வைத்தால் தீரும். மற்றபடி இந்த வேலைக்குச் சோளம் பொருத்தமான பொருள். அலை உணவுக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரைதான் பலமாக இறங்கும், கதிரில் தின்கிற பகுதி முழுக்க அந்த ஆழத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நடுத் தக்கை வெந்தால் என்ன, வேகாவிட்டால் என்ன!

ஒரு துணுக்கு: மைக்ரோவேவ் அடுப்பைக் கண்டுபிடித்த பெர்சி ஸ்பென்சர் 1949-ல் பெற்ற காப்புரிமை ஒன்று, பாப்கார்ன் சோளத்தை உதிர்க்காமல் முழுக் கதிராகவே பைக்குள் வைத்துப் பொரிப்பதைப் பற்றியது. ஸ்வீட் கார்ன் அப்படிப் பொரியாது, ஈரம் மிக அதிகம்.

உரிப்பவன்:
தோலோடு வைப்பதை எல்லோரும் ஒரேயடியாகப் புகழ்கிறீர்கள், அதனால் எதிர்க்கட்சி நானே. தோலை நீக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? புழு பெரும்பாலும் நுனி வழியாகத்தான் நுழையும், நாரடியில் உட்கார்ந்து நுனி முத்துகளைத் தின்றுகொண்டிருக்கும். அதையும் சேர்த்து ஆவியில் வேகவைத்துத் தட்டில் இறக்குவது எனக்குச் சரிப்படாது. நுனித் தோலையாவது இரண்டு விரல்கடை விலக்கிப் பார்த்துவிட்டு மூடுங்கள். அப்படியே ஒரு முத்தில் நகத்தால் குத்தினால் பால் மாதிரி வர வேண்டும். தெளிந்த நீர் வந்தால் இன்னும் முற்றவில்லை. பிசைந்த மாவு மாதிரி வந்தால் முற்றிவிட்டது.

நான் உரித்து, நாரைத் துடைத்து, நனைத்துப் பிழிந்த டிஷ்யூவில் நன்றாகச் சுற்றி வைப்பேன். நேரம் தோலோடு வைப்பதற்கு ஆவதேதான். இல்லையென்றால் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடியை லேசாகத் திறந்து வையுங்கள், இறுக்கி மூடினால் ஆவி தள்ளும். அலுமினியத் தாள் வேண்டவே வேண்டாம், பொறி பறக்கும்.

உப்பு வெந்த பிறகுதான். முன்பே தூவினால் அந்தந்த இடத்தில் ஈரத்தை இழுத்துக் காயவைக்கும். சூடாக இருக்கும்போதே வெண்ணெய் தடவி அதன்மேல் தூவினால் ஒட்டிப் பிடிக்கும்.

இரவுப்பசி:
அருமை, எல்லோருக்கும் நன்றி. ஸ்டிக்கரைப் பார்த்தேன், 1200 என்றும் 800 என்றும் இருக்கிறது, அப்படியானால் 5 நிமிடம். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ஸ்வீட் கார்ன் இல்லாத சாதாரண மக்காச்சோளக் கதிருக்கும் இதே முறை சரிவருமா? அப்புறம், கதிர் வாங்கி மூன்று நான்கு நாள் கழித்து வேகவைத்தால் இனிப்பே தெரிவதில்லை, அதுவும் மைக்ரோவேவ் செய்கிற வேலையா?

கரண்டி:
இனிப்பு போவதற்கு மைக்ரோவேவ் மேல் பழி போடாதீர்கள். பறித்த நிமிடத்திலிருந்தே கதிரில் இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும், வெளியே வெப்பத்தில் கிடந்தால் இன்னும் வேகமாக. தோலை உரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், முடிந்தவரை சீக்கிரம் தின்றுவிடுங்கள். இப்போது வரும் அதிக இனிப்பு ரகங்களில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், அதனால் அவை சில நாள் தாங்கும்.

சாதாரண மக்காச்சோளம் வேறு கதை. அதில் மாவுச்சத்து அதிகம், முற்ற முற்ற ஈரமும் குறைவு. சொந்த ஈரத்தை நம்பி வேகவைக்கிற இந்த முறை அதற்குப் போதாது, மேலே சுட்டு உள்ளே கல்லாக நிற்கும். நல்ல இளங்கதிர் என்றால் முயன்று பார்க்கலாம். முற்றியதைக் குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்துவிடுங்கள்.

உரிப்பவன்:
குக்கரில் போடுவதானால் அதற்கு உப்பைத் தண்ணீரிலேயே போட்டுவிடலாம், வேக நேரம் எடுப்பதால் கொஞ்சமாவது உள்ளே இறங்கும். வெந்த கதிர் மிஞ்சினால் மறுநாள் ஈர டிஷ்யூ சுற்றி முக்கால் நிமிடம் சூடாக்கினால் போதும், அதற்கு மேல் ஓட்டினால் மறுபடியும் குழி விழ ஆரம்பிக்கும்.