தொடக்கப் பள்ளி ஆசிரியரின் தரத்தைக் குழந்தைகளின் மதிப்பெண் சொல்லுமா?

மாறன்:

தொடக்கப் பள்ளியில் கற்பித்தலின் தரம் குறித்துப் பேசத் தொடங்கினால், பேச்சு கட்டடம், பாடநூல், காலிப் பணியிடம் என்று சுற்றிவிட்டு, குழந்தை என்ன கற்றது என்ற இடத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. உலக வங்கியின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளில், பத்து வயதுக் குழந்தைகளில் 53 விழுக்காட்டினரால் எளிய கதையொன்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்குச் செல்பவர்கள்தாம். ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு பொதுத் தேர்வுகளை நடத்தி, இடையில் ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதைக் கொண்டே ஆசிரியரின் பணியை மதிப்பிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடன் பணியாற்றிய இருவரும் ஏறத்தாழ 25 இலட்சம் அமெரிக்கக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மதிப்பெண்ணை உயர்த்துவதில் சிறந்து விளங்கிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் கல்லூரிக்குச் செல்வதும், வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதிப்பதும் அதில் தெரியவந்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

கயல்விழி:

மாறன் அவர்களுக்கு வணக்கம். நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். உங்கள் அக்கறையோடு எனக்கு எந்த வேறுபாடும் இல்லை; நீங்கள் கையில் எடுத்திருக்கும் அளவுகோலைத்தான் ஏற்க முடியவில்லை.

52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 45 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவால் வந்த விடை அன்று. ஒன்றுகள் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால் அந்தக் குழந்தை 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், பத்துகள் இடத்தில் 5இலிருந்து 1ஐக் கழித்து 4 என்றும் எழுதியிருக்கிறது. எந்த இடமானாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பது என்று தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் குழந்தையோ, முறைப்படி கடன் வாங்கிக் கழித்துவிட்டு, எண்ணும்போது ஒன்று தவறி 34 என்று எழுதுகிறது. விடைத்தாளில் இருவருக்கும் சுழியம்தான். ஆனால் முதல் குழந்தைக்கு இடமதிப்பையே மறுபடியும், குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டியும் அவிழ்த்தும் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு விடையை ஒருமுறை சரிபார்க்கச் சொன்னாலே போதும்.

இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. அதே தாளில் 58இலிருந்து 13ஐக் கழிக்கும் கணக்கு வந்தால், முதல் குழந்தை அதே தவறான விதியைக் கொண்டு 45 என்று சரியான விடையை எழுதி முழு மதிப்பெண் பெற்றுவிடும். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள் கூடுதலாக இருக்கும் வினாத்தாளில் அந்த வகுப்பின் 'முன்னேற்றம்' நன்றாகவே தெரியும்.

பாடத்தை அறிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தில் குழந்தை எங்கே இடறும் என்பதையும் எப்படிச் சொன்னால் அதற்குப் புரியும் என்பதையும் அறிந்திருப்பது வேறு என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டினார். தொடக்க வகுப்பில் தரம் என்று நான் கருதுவது இந்த இரண்டாவது அறிவைத்தான்.

ஆதிரை:

புள்ளியியல் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. மாறன் சொல்லும் அதே 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர்களின் மதிப்பெண்களிடையே காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 விழுக்காடு வரை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என அது கூறியது. இருபத்தைந்து குழந்தைகள் உள்ள வகுப்பில், தேர்வன்று மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தாலே சராசரி நகர்ந்துவிடும். இலட்சக்கணக்கான பதிவுகளில் உண்மையாக இருப்பதை, ஓர் ஆசிரியரின் ஓராண்டுப் பணியின் மீது தீர்ப்பாக எழுதிவிட முடியாது.

மாறன்:

கயல்விழி அம்மா காட்டிய கழித்தல் கணக்கு வினாத்தாளின் குறையைக் காட்டுகிறது. தேர்வே கூடாது என்பதைக் காட்டவில்லை. கடன் வாங்கும் கணக்கையும் வாங்காத கணக்கையும் தனித்தனியாக வைத்து, எந்த வகையில் குழந்தை தவறியது என்று பிரித்துச் சொல்லும் தாளைத் தயாரிக்க முடியும். ஆதிரை சொல்வதுபோல் ஓராண்டு போதாது என்றால் மூன்று ஆண்டுகளின் சராசரியைப் பார்க்கலாம்.

தேர்வு இல்லாத இடத்தில் நடப்பதையும் நாம் பேச வேண்டும். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் குழந்தை பின்தங்கினால் பெற்றோர் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்காமலேயே ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிறது. அந்தக் குழந்தையின் பக்கம் நிற்பதற்கு எழுத்தில் பதிவான ஒரு மதிப்பெண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை.

செழியன்:

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் எழுதுகிறேன். மாறன் ஐயா கேட்கும் முறை புதியது அன்று. இங்கிலாந்தில் 1862இல், குழந்தைகள் ஆய்வாளர் முன்னிலையில் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேறுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் எந்தப் புத்தகத்திலிருந்து கேட்பார் என்பது தெரிந்திருந்ததால் குழந்தைகள் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள்கூடப் படிப்பதுபோல் ஒப்பித்தார்கள். பள்ளி ஆய்வாளராக இருந்த மேத்யூ ஆர்னால்டே அதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அம்முறை கைவிடப்பட்டது. அண்மைக்காலச் சான்று வேண்டுமென்றால் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் இருக்கிறது: 2009ஆம் ஆண்டுத் தேர்வில் விடைத்தாள்களைத் திருத்தியது உள்ளிட்ட முறைகேடுகளில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 பேருக்குத் தொடர்பு இருந்ததாக 2011இல் விசாரணை அறிக்கை கூறியது. அத்தனை பேரும் இயல்பிலேயே தீயவர்கள் என்று நான் நம்ப மாட்டேன்.

வகுப்பின் அளவைக் குறைப்பதுதான் முதல் வேலை. டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டுகள் நடந்த சோதனையில், 13 முதல் 17 குழந்தைகள் வரை இருந்த வகுப்புகள், 22 முதல் 25 வரை இருந்த வகுப்புகளைவிடப் படிப்பிலும் கணக்கிலும் தெளிவாக முன்னே நின்றன.

மாறன்:

ஐயா, அதே கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா 1996இல் தொடக்க வகுப்புகளை இருபது குழந்தைகள் என்ற அளவுக்கு அவசரமாகக் குறைத்தபோது ஆசிரியர் தட்டுப்பாடு ஏற்பட்டு, முறையான சான்றிதழ் இல்லாத பலரை வகுப்பில் நிறுத்த வேண்டி வந்தது. வகுப்பைச் சிறிதாக்குவதால் மட்டும் கற்பித்தல் சிறந்துவிடாது. அட்லாண்டாவில் நடந்தது மோசடி. மோசடிக்குத் தீர்வு கண்காணிப்புதான்.

கயல்விழி:

கலிபோர்னியாவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் பேச்சை வகுப்பறைக்குள் கொண்டுவர விரும்புகிறேன்.

'கொக்கு' என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறது. குழந்தை இடமிருந்து வலமாகப் பார்க்கிறது; முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். 'கெ' என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் 'கா' என்று மாற்றி, குழம்பி நின்றுவிடுகிறது. அந்த நொடியில் ஆசிரியர் 'கொக்கு' என்று தாமே சொல்லிவிட்டால் வகுப்பு தடையின்றி நகரும். குழந்தையும் திரும்பச் சொல்லிவிடும், ஆனால் படித்திருக்காது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே குழந்தைகளின் பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் பதிவு செய்தார். இரண்டு நொடிப் பொறுமையை எந்த வினாத்தாளும் அளக்காது. ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தால் தெரியும். ஜப்பானில் ஒரு பாடத்தைப் பல ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் குழந்தைகளைக் கவனித்து, பின்னர் சேர்ந்து விவாதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. எனக்கு அந்த மதிப்பீடு வேண்டும். அதற்கு அஞ்ச மாட்டேன்.

மாறன்:

பின்வரிசையில் அமர்பவர் சக ஊழியர் என்றால், பாதகமாக ஒரு வரி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? ஊதியத்தோடு மதிப்பெண்ணை இணைக்க வேண்டாம் என்பதை, செழியன் ஐயா காட்டிய சான்றுகளுக்காக ஏற்றுக்கொள்கிறேன். தேர்வும் அதன் முடிவைப் பெற்றோர் அறிவதும் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

ஆதிரை:

பின்லாந்தில் அடிப்படைக் கல்வி முடியும்வரை அனைவருக்கும் பொதுவான தேசியத் தேர்வு இல்லை. சில பள்ளிகளை மாதிரியாக எடுத்துத்தான் கற்றல் நிலையை அளக்கிறார்கள். நாட்டின் நிலை தெரியும், எந்த ஆசிரியரின் தலையிலும் அது விழாது. ஆனால் அங்கே 1970களின் இறுதியிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுநிலைப் பட்டம் தேவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாறன்:

மாதிரித் தேர்வு அமைச்சருக்கு உதவும். நான் மேலே சொன்ன எழுத்தறியாத தாய்க்கு, தன் மகள் எங்கே நிற்கிறாள் என்பதை அது எப்படிச் சொல்லும்?

கயல்விழி:

அதை நான் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை அந்தத் தாயின் முன்னிலையில் அவருடைய மகளை ஒரு பத்தி வாசிக்கச் செய்து, எங்கே தயங்குகிறாள், எதனால் தயங்குகிறாள், அடுத்த மாதத்துக்குள் அதற்காக நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். மகள் தடுமாறுவதைக் காதால் கேட்டு உணர எழுத்தறிவு தேவையில்லை. நான் சொன்னதைச் செய்தேனா என்று அடுத்த மாதம் அவர் கேட்கலாம். அதற்குரிய நேரத்தைப் பணிநேரத்திற்குள்ளேயே ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள், மாறன். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன்.