கேனப்பி போட்ட பக்கியில் ஆக்சிஜன், அசிட்டிலீன் ஏற்றலாமா?

சாட்ஸ்வொர்த் வெல்டர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வேலைக்கு 50 லிட்டர் சிலிண்டர்கள், ஆக்சிஜன் இரண்டு, அசிட்டிலீன் ஒன்று, ஆர்கான் ஒன்று கொண்டுபோகணும். பக்கிக்கு (பின்னால் சரக்குத் தட்டு உள்ள சின்ன வண்டி) ஃபைபர் கேனப்பி (அந்தத் தட்டை மூடும் கூடு) இருக்கு; நிமிர்த்தினால் கூரை இடிக்குது. படுக்கப்போட்டு மூடிக்கொண்டு போகலாமா?

கேஸ்டிப்போ:
படுக்கப்போடுவதைவிட மூடுவதுதான் பெரிய தப்பு தம்பி. கேனப்பிக்குள்ளே சுமார் 2 கன மீட்டர் காற்று இருக்கும். அசிட்டிலீன் 2.5 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், அதாவது 50 லிட்டர் கேஸ் கசிந்தால் போதும். வால்வு சரியாக மூடாமல் ராத்திரி நிறுத்தி வைத்தால் அவ்வளவு சேர்ந்துவிடும். காலையில் ரிமோட் பூட்டை அமுக்கும்போது வரும் பொறியே வினை. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் காற்றில் 23 சதவீதத்தைத் தாண்டினால் துணி, சாக்கு எல்லாம் சட்டென்று பிடிக்கும். ஆர்கான் கனமானது, அடியில் தேங்கி மூச்சை அடைக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்பவர்களை நம்பாதே, கேனப்பியைக் கழற்றிவிடு.

ஸ்டிராப்புக்காரன்:
கட்டுவது பற்றி. நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் சுமார் 75–80 கிலோ. நான்கும் சேர்ந்து 300 வரும். அழுத்தி பிரேக் அடித்தால் எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும், அதாவது 240 கிலோ. ரப்பர் கொக்கிக் கயிறு இதற்கு ஆகாது. சிலிண்டர்களைக் கேபின் பக்க ஹெட்போர்டோடு (தட்டின் முன்பக்கத் தடுப்பு) ஒட்டி நிறுத்தி, 50 மில்லிமீட்டர் அகல ராட்செட் பட்டை (நெம்பி இறுக்கும் பட்டை) இரண்டு போடு: ஒன்று உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், மற்றது மூன்றில் இரண்டு பங்கில். வால்வைச் சுற்றிக் கட்டவே கூடாது. தரை வெறும் இரும்பு என்றால் வழுக்கும், ரப்பர் பாய் விரி. அந்தப் பாயில் எண்ணெய், கிரீஸ் இருக்கக் கூடாது, ஆக்சிஜனுக்கு அது எமன்.

ஏற்றுவதற்கு முன் வால்வை மூடி, ரெகுலேட்டரை (கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) கழற்றி, வால்வுக்கு மேல் தொப்பியைத் திருகு. காலி சிலிண்டருக்கும் இதே விதிதான், உள்ளே மிச்சம் இருக்கும். 200 பாரில் வால்வு முறிந்தால் சிலிண்டர் ஏவுகணைதான்.

சாட்ஸ்வொர்த் வெல்டர்:
நன்றி அண்ணே. வழியில் அசிட்டிலீன் சாய்ந்துவிட்டால்?

கேஸ்டிப்போ:
உள்ளே நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில்தான் கேஸ் கரைந்திருக்கு. சாய்ந்தால் அசிட்டோன் வால்வு பக்கம் வரும். உடனே திறந்தால் அது ரெகுலேட்டரையும் குழாயையும் கெடுக்கும். நிமிர்த்திவிட்டு ராத்திரி முழுக்க நிற்கவிடு. சிலிண்டர் தொட்டால் சுடுகிறது என்றால் மட்டும் நகர்த்தாதே. விலகி நின்று 112 அழை, ஆட்களையும் தள்ளி நிறுத்து.

ஸ்டிராப்புக்காரன்:
கடைசியாக ஒன்று: சாலைப் போக்குவரத்து ஒழுங்குவிதிகள் 2000-இன் எட்டாம் அத்தியாயம் ஆபத்தான சரக்கு பற்றியது. விலக்கு அளவைத் (அந்த விதிகள் பொருந்தாத சிறு அளவு) தாண்டினால் டி வகை தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வேணும், அதற்கு 25 வயது ஆகியிருக்கணும். கலவையாக ஏற்றுவதால் உன் எண்ணிக்கையைச் சொல்லி கேஸ் கடையிலேயே கேட்டுக்கொள். டெலிவரி காகிதம் கேபினில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.