12 அடி பேனரில் படம் உடைகிறது, நல்ல படம் எங்கே கிடைக்கும்?

கித்தாக்காட்டான் (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடலுக்கு 12க்கு 6 அடி பேனர் செய்கிறேன். இடது பாதியில் பால்மரம் (ரப்பர்) சீவிப் பால் எடுக்கும் படம், வலப்பக்கம் எழுத்து, ஓரத்தில் கோலம். கூகுளில் எடுத்த படம் கைப்பேசியில் பளிச்சென்று இருக்கிறது, கடையில் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. அகலம் 1200 பிக்சல். கடைக்காரர் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்கிறார். காசு கொடுத்துப் படம் வாங்க வழியில்லை.

அச்சுக்கடை அண்ணன்:
தம்பி, 300 என்பது கையில் வைத்துப் படிக்கும் அழைப்பிதழுக்கு. பேனரைப் பத்தடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், 72 முதல் 100 போதும். ஆனாலும் உங்கள் படம் தேறாது. பேனரில் பாதி அகலம் 6 அடி, அதாவது 72 அங்குலம், 1200ஐ வகுத்தால் அங்குலத்துக்கு 17 பிக்சல்கூட வரவில்லை. அகலம் 5000 பிக்சலுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். போட்டோஷாப்பில் டிபிஐ எண்ணை மட்டும் 300 ஆக்கிக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

செம்பனை:
அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ், பிக்சபே மூன்று தளங்களிலும் படங்கள் இலவசம். ஆங்கிலத்தில் தேடுங்கள், இறக்கும்போது ஆகப் பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள். விக்கிமீடியா காமன்ஸில் பழைய கறுப்பு வெள்ளைத் தோட்டப் படங்களும் உண்டு. குறிப்பைப் படிக்காமல் எடுக்காதீர்கள். நெதர்லாந்தின் டிரோப்பன் அருங்காட்சியகம் கொடுத்தவை நிறைய, அவை சுமத்ரா, ஜாவா பக்கம். அதை நம் தோட்டம் என்று மாட்டினால் முன்வரிசைப் பாட்டிகள் விடமாட்டார்கள்! உரிமம் படத்துக்குப் படம் மாறும், சிலவற்றில் எடுத்தவர் பெயர் போட வேண்டும்.

கித்தாக்காட்டான்:
நன்றி. அத்தையிடம் அவர் வாளியோடு மரத்தடியில் நிற்கும் 4க்கு 6 அங்குலப் படம் ஒன்று இருக்கிறது. அதை யாரோ கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், மங்கல்.

அச்சுக்கடை அண்ணன்:
அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! அசல் படத்தை வாங்கிக் கண்ணாடி ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுங்கள். 6 அங்குலப் பக்கம் 3600 பிக்சல் ஆகும், பேனரில் அங்குலத்துக்கு 50. நான் சொன்னதைவிடக் குறைவுதான், ஆனால் பழைய படத்துக்கு அந்த மென்மை உறுத்தாது. 1200 டிபிஐ வைத்தாலும் காகிதத்தில் இல்லாத விவரம் வராது, கோப்புதான் பருக்கும். 6 அடி அகலத்துக்கு உயரம் 4 அடிதான் வரும், மேலே மிஞ்சும் 2 அடியில் தோட்டத்தின் பெயரைப் போடுங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

செம்பனை:
கோலத்தை இங்க்ஸ்கேப்பில் வெக்டராக (பிக்சலாக இல்லாமல் கோடுகளாக) வரைந்துவிடுங்கள், இலவச மென்பொருள். எவ்வளவு இழுத்தாலும் உடையாது.

கித்தாக்காட்டான்:
சரி அண்ணா. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது, கேட்கிறேன். படத்தில் தூசி படிந்திருக்கிறது, ஈரத்துணியால் துடைக்கலாமா?

அச்சுக்கடை அண்ணன்:
ஐயோ, ஈரம் வேண்டவே வேண்டாம். மெல்லிய உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், மீதியைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.