மிளகாய் இலை சுருளுது: மூன்று செயலி, மூன்று பதில். எதை நம்பி மருந்து அடிப்பது?

முதுகுளத்தூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். ஊரில் அப்பா மானாவாரியில் முண்டு மிளகாய் போட்டிருக்கிறார். நான் வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன். செடிகள் பூ எடுக்கும் நேரத்தில் கொழுந்து இலைகள் சுருண்டு, சிறுத்துப்போய் நிற்கின்றன. அடி இலைகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்கிறார் அப்பா.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை மூன்று செயலிகளில் போட்டுப் பார்த்தேன். ஒன்று "இலைச்சுருட்டை வைரஸ், செடியைப் பிடுங்கி அழிக்கவும்" என்கிறது. இன்னொன்று அதே போட்டோவுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைபாடு என்கிறது. மூன்றாவது செயலி செடியையே தக்காளி என்று எடுத்துக்கொண்டு, தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை என்று சொல்கிறது. மூன்றுமே 80 சதவீதத்துக்கு மேல் உறுதி என்று காட்டுகின்றன.

மருந்துக் கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று இரண்டு மருந்து கலந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று சிந்தெடிக் பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லி. அப்பா நாளைக்கே அடித்துவிடலாம் என்கிறார். வைரஸ் என்றால் மருந்துக் காசு வீண், வைரஸ் இல்லை என்றால் நல்ல செடியைப் பிடுங்கிவிடுவோம். எந்தச் செயலியை நம்புவது?

பரமக்குடி சம்சாரி:

முதலில் அப்பாவிடம் சொல்லி ரெண்டையும் நிறுத்தும்மா. பிடுங்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். இரண்டு நாள் பொறுத்தால் காடு ஒன்றும் போய்விடாது.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இலை எந்தப் பக்கம் சுருளுது? ஓரம் மேலே தூக்கிக்கொண்டு படகு மாதிரி இருந்தால் ஒரு கதை. ஓரம் கீழே மடங்கிக் கவிழ்த்த படகு மாதிரி இருந்தால் வேறு கதை. எங்கள் பக்கம் ரெண்டுக்கும் சேர்த்து முரணை என்றுதான் சொல்வோம், ஆனால் மருந்து வேறு வேறு. போட்டோவில் மேலிருந்து மொத்தச் செடியும் தெரிகிறதே தவிர, இது தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

சம்சாரி சொன்னது சரியான இடம். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மிளகாயில் இலை சுருள மூன்று முக்கியக் காரணங்கள். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை மேல்நோக்கிச் சுருளும், அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு போட்டது போலப் பளபளக்கும். மஞ்சள் முரணைச் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, சாறு உறிஞ்சும் மிக நுண்ணிய உயிரி) என்றால் கீழ்நோக்கிச் சுருளும். இலை குறுகும், காம்பு நீளும், கொழுந்துதான் முதலில் அடிபடும். வைரஸ் வெள்ளை ஈ மூலம் பரவுவது. இலை மேல்நோக்கிச் சுருள்வதோடு நரம்பு தடிக்கும், மஞ்சளாகும், செடி குட்டையாகிவிடும். வயலில் ஆரம்பத்தில் இங்கொன்று அங்கொன்றாகத்தான் வரும்.

சுண்ணாம்புச் சத்துக் குறைபாட்டிலும் கொழுந்து கோணும் என்பது உண்மைதான். ஆனால் மிளகாயில் அது பெரும்பாலும் காயின் நுனி அழுகலாகத்தான் கண்ணில் படும். அதை முதல் சந்தேகமாக நான் எடுக்கமாட்டேன்.

அப்பா பார்க்க வேண்டியது இவ்வளவுதான். சுருண்ட கொழுந்தைக் கிள்ளி, இலையின் அடிப்பக்கத்தை நடு நரம்பை ஒட்டிப் பார்க்க வேண்டும். சிலந்தி கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, வெறும் கண்ணுக்குச் சிக்காது. பள்ளிக்கூட லென்ஸ் போதாது. நகைப் பட்டறையில் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் நல்லது. அடுத்து, பூக்களை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டச் சொல்லுங்கள். குச்சி போன்ற சின்னப் பூச்சிகள் விழுந்து ஓடினால் இலைப்பேன். அதில் கருப்பாக இருப்பவை உண்டா என்றும் பாருங்கள். 2015-ல் பெங்களூரில் பப்பாளியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வெளிநாட்டு இலைப்பேன், 2021-க்குப் பிறகு ஆந்திரா, தெலங்கானா மிளகாயைப் பெரிய அளவில் அழித்தது. அது இலையைவிடப் பூவில்தான் கூட்டமாக இருக்கும். பூ உதிரும்.

பைரித்ராய்டு மருந்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். சிலந்தியாக இருந்தால் அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, சிலந்தி இன்னும் பெருகும்.

படத் தரவு:

நான் விவசாயி இல்லை, படம் பார்த்து வகைப்படுத்தும் மென்பொருள் எழுதுகிறேன். எந்தச் செயலி சரி என்ற கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பதில்.

செயலிக்கு நோய் தெரியாது. தனக்குக் கற்றுக்கொடுத்த படங்களில் எது இந்தப் படத்துக்கு நெருக்கம் என்று மட்டும்தான் தெரியும். கற்றுக்கொடுத்த பட்டியலில் முரணைச் சிலந்தி இல்லை என்றால், அது "தெரியவில்லை" என்று சொல்லாது. பட்டியலில் இருப்பதில் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும். உறுதி 80 சதவீதம் என்பது அந்தப் பட்டியலுக்குள் இருக்கும் உறுதி. உங்கள் வயலில் இருப்பது அதுதான் என்பதற்கான உறுதி அல்ல.

இந்தத் துறையில் நிறையப் பேர் பயன்படுத்தும் படத் தொகுப்பு பிளாண்ட்வில்லேஜ். 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 படங்கள். எல்லாம் பறித்த ஒற்றை இலையை வெறும் பின்னணியில் வைத்து எடுத்தவை. அதை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 சதவீதம் சரியாக வந்தது. வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீத அளவுக்கு இறங்கியது. அந்த ஆய்வாளர்களே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் நம் மிளகாய் கிடையாது. குடைமிளகாய் மட்டும்தான் இருக்கிறது, அதிலும் பாக்டீரியா இலைப்புள்ளி என்ற ஒரே நோய். தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டை மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. உங்கள் மூன்றாவது செயலியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட தொகுப்பில் வளர்ந்த எதுவும் சுருண்ட மிளகாய் இலையைத் தக்காளி என்று சொன்னால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

போட்டோ விஷயமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டு நுணுக்கம் போய்விடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். உடம்பால் வெயிலை மறைத்து நிழலாக்கிக்கொண்டு, இலையைத் திருப்பிப் பிடித்து, திரையில் இலையைத் தொட்டு ஃபோகஸ் ஆன பிறகு எடுக்கட்டும். லென்ஸ் கிடைத்தால் அதைக் கேமராவின் மேல் ஒட்டிப் பிடித்தும் எடுக்கலாம்.

தோட்டத்துப் பையன்:

இதனால்தான் நான் செயலியே வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் லென்ஸும் வெள்ளைத் தாளும்தானே வேலை செய்கிறது?

படத் தரவு:

அப்படி ஒதுக்க முடியாது நண்பரே. வயலில் முளைத்த களை என்ன செடி என்று பார்க்க ப்ளாண்ட்நெட் போன்ற செடி அடையாளம் காட்டும் செயலிகள் நன்றாகவே உதவுகின்றன. பூவும் இலையும் தெளிவாக இருந்தால் பேரினம் வரையாவது கொண்டுபோய் விடும். செடிக்கு என்று ஓர் உருவம் இருக்கிறது, அதை அடையாளம் காண்பது ஒரு வேலை. நோய் அறிகுறி என்பது செடி காட்டும் எதிர்வினை. ஒரு பூச்சியும் ஒரு சிலந்தியும் ஒரு வைரஸும் ஒரே மாதிரி சுருளலைக் கொண்டுவரும்போது, இலையின் மேல்பக்கப் படத்தில் பதில் இருப்பதே இல்லை. அங்கே எந்த மென்பொருளும் திணறும், மனிதரும் திணறுவார்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

நானும் இதை ஒத்துக்கொள்கிறேன். பணியில் இருந்தபோது கையில் ஒரு கிளையைக் கொண்டுவந்து இது என்ன என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: வயலில் எந்த இடத்தில், எத்தனை செடிக்கு, எப்போதிலிருந்து, கடைசியாக என்ன அடித்தீர்கள்? இந்த நான்கையும் செயலிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. படத்தைவிட இவைதான் எனக்கு அதிகம் சொல்லும்.

முதுகுளத்தூர்க்காரி:

அப்பா டவுனில் நகைப் பட்டறையில் லென்ஸ் இரவல் வாங்கிப் பார்த்தார். இலை ஓரம் கீழ்நோக்கித்தான் மடங்குகிறது. காம்பு வழக்கத்தைவிட நீளம். அடிப்பக்கம் லேசாகச் செம்பு நிறத்தில் மினுங்குகிறது. லென்ஸ் வைத்து எடுத்த படங்களை டாக்குமெண்ட்டாக அனுப்பினார், பெரிதாக்கிப் பார்த்தேன். நடு நரம்பின் பள்ளத்தில் கண்ணாடி மாதிரி வெளிறிய மஞ்சளில் நீள்வட்டமாகச் சில இருக்கின்றன. பக்கத்தில் வேறு சின்ன முட்டை மாதிரி ஒன்று, அதன் மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளி. அழகாகக்கூட இருக்கிறது. இது என்ன?

வெள்ளைத் தாளில் பூவைத் தட்டியதில் ஓரிரண்டு பூச்சி விழுந்தது, கருப்பு ஒன்றும் இல்லை. வெள்ளை ஈயும் கொஞ்சம் பறக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. வரப்பு ஓரத்துச் செடிகளில் ஆரம்பித்துத் திட்டுத் திட்டாக உள்ளே வருகிறதாம்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

அந்த வெள்ளைப் புள்ளி வரிசைதான் கையெழுத்து. முரணைச் சிலந்தியின் முட்டை அப்படித்தான் இருக்கும், நம் பக்கம் மிளகாயில் வேறு எதற்கும் இப்படி நான் பார்த்ததில்லை. உங்கள் அப்பாவின் வயலில் இப்போது பெரும்பகுதி பிரச்சினை சிலந்திதான்.

வெள்ளை ஈயைப் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும் பழக்கம் உள்ளது. இரண்டும் ஒன்றாக இருப்பது இயல்பு.

சிலந்தி பூச்சி அல்ல என்பதால் பூச்சிக்கு அடிக்கும் எல்லா மருந்தும் இதற்குக் கேட்காது. நனையும் கந்தகம் அடிக்கலாம், விலையும் குறைவு. தாக்குதல் அதிகம் என்றால் ஃபென்பைராக்ஸிமேட், ஸ்பைரோமெசிஃபென், ப்ரோபர்கைட் இவற்றில் ஒன்று. கடையில் லேபிளைப் படித்து, மிளகாய் என்று அதில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவும் லேபிளில் உள்ளபடியே. எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றோடு ஒன்று கலக்க வேண்டாம். கொழுந்தின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும், மேலே தூவிவிட்டு வந்தால் பலன் இல்லை.

பரமக்குடி சம்சாரி:

கந்தகத்தைக் காலையிலோ சாயந்திரமோ அடிக்கச் சொல்லும்மா. நம் ஊர் வெயிலில் மதியம் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் அதோடு ஒட்டி அடிக்கக் கூடாது, நாள் இடைவெளி விட வேண்டும். அப்பா ஏற்கெனவே ஏதாவது எண்ணெய் அடித்தாரா?

முதுகுளத்தூர்க்காரி:

வேப்பெண்ணெய் அடித்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது என்கிறார். கந்தகம்தான் வாங்கப்போகிறார். ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணாச்சி. நேரில் யாரையாவது கேட்க வேண்டும் என்றால் எங்கே போவது?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

பரமக்குடியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுருண்ட கொழுந்துகளைப் பறித்து, காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு அன்றே கொண்டுபோகலாம். போக முடியாத நாளில் கிசான் கால் சென்டர் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம்.

முதுகுளத்தூர்க்காரி:

தகவலுக்காக எழுதுகிறேன். கந்தகம் அடித்த பிறகு வந்த புதுக் கொழுந்துகள் பெரும்பாலும் நேராக விரிகின்றன. பழைய சுருண்ட இலை அப்படியே இருக்கிறது. சில செடிகளில் மட்டும் புது இலையும் சுருளுகிறது, நரம்பு தடித்து மஞ்சளாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

சுருண்ட இலை திரும்ப விரியாது, அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று அப்பா மறுபடி அடித்துவிட வேண்டாம். புதுக் கொழுந்து சொல்வதுதான் கணக்கு.

நரம்பு தடித்த அந்தச் சில செடிகள் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அவற்றை மட்டும் வேரோடு பிடுங்கி, பைக்குள் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். அடுத்த முறை இலைப்பேன் வந்தால் நீல அட்டை.

படத் தரவு:

ஒரு வேண்டுகோள். செயலியில் முடிவு தவறு என்று பதியும் வசதி இருந்தால், அப்பா எடுத்த அடிப்பக்கப் படங்களை முரணைச் சிலந்தி என்ற பெயரோடு ஏற்றுங்கள். நரம்பு தடித்த செடியின் படங்களை மட்டும் இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். பரமக்குடியில் காட்டி உறுதியான பிறகு ஏற்றலாம்.