சோலார்கிராஃப்: ஆறு மாதக் காகிதத்தில் இரு ஓரமும் கருத்துவிட்டது, உதவுங்கள்

டப்பா_கேமரா:
வணக்கம். சூரியன் வானில் போகும் பாதையை மாதக்கணக்கில் ஒரே காகிதத்தில் பதியும் சோலார்கிராஃப் படம் எடுக்க, 66 மி.மீ. விட்டமுள்ள குளிர்பான டின்னில் ஊசித்துளை போட்டு, உள்ளே கருப்பு-வெள்ளை போட்டோ பேப்பரைச் சுருட்டி வைத்து, கிழக்கு பார்த்து ஒரு குழாயில் டேப் சுற்றிக் கட்டினேன். டிசம்பர் 20 முதல் ஜூன் 22 வரை. நேற்று ராத்திரி பிரித்தேன். சூரியன் போன பாதை பழுப்புக் கோடுகளாக விழுந்திருக்கிறது. ஆனால் நடுவில் கோடுகள் தனித்தனியாக இருக்க, இரு ஓரமும் ஒரே கரும்பட்டை. வெளிச்சம் கசிந்துவிட்டதா? ஒரு பக்கம் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன, எதிரே உள்ள தண்ணீர்த் தொட்டி இரண்டாகத் தெரிகிறது. அடியில் திட்டுத்திட்டாகக் கறை வேறு. டெவலப்பரில் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனத்தில்) போட்டால் தெளியுமா?

இருட்டறை:
ஐயோ, டெவலப்பர் பக்கமே போகாதீர்கள்! முழுக் காகிதமும் கருத்துவிடும். வெயிலே காகிதத்திலுள்ள வெள்ளி உப்பை வெள்ளியாக்கிவிட்டது, உங்கள் படம் வந்தாயிற்று. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலும் வேண்டாம், கோடுகள் வெளிறும். மங்கலான அறையில் எடுத்து, பிரிவியூ பார்க்காமல் ஒரே தடவை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் விளக்கும் அதைக் கருக்கும். பிறகு கணினியில் பாசிட்டிவாக்கி, மேல்-கீழாகப் புரட்டினால் போதும்.

நிழல்கோல்:
ஓரப் பட்டை கசிவு அல்ல சார், அதுதான் படத்திலேயே அருமையான இடம். ஒரு ஓரம் டிசம்பர், மறு ஓரம் ஜூன், நடுவில் மார்ச். மார்ச் 20 வாக்கில் சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி வடக்கே நகரும். உங்கள் டின்னில் அது கிட்டத்தட்ட அரை மி.மீ. டிசம்பர் 21-க்குப் பிறகோ பத்து நாள் சேர்ந்தாலும் அரை டிகிரி தேறாது. கோட்டின் மேல் கோடு ஏறிப் பட்டையாகிவிடும். ஜூனிலும் அதே கதை. நடுவிலும் அடுத்தடுத்த நாள் கோடுகள் உரசத்தான் செய்யும், ஏனென்றால் சூரியனின் அகலமே அரை டிகிரி. அங்கே தெரியும் இடைவெளியெல்லாம் மேகம் மூடிய நாட்கள்.

வெட்டும் கோடுகள்தான் உண்மையான பிழை. டிசம்பர் முதல் ஜூன் வரை சூரியன் ஒரே திசையில் போகிறது, பாதைகள் வெட்டிக்கொள்ள வழியில்லை. டின் அசைந்திருக்கிறது. தொட்டி இரண்டானதும் அதனால்தான். சாய்ந்த கோடுகள் நடுவைத் தாண்டித் தொடங்கினால் மார்ச்சுக்குப் பிறகு அசைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கறை ஈரத்தால் வந்தது. அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் நீர் வடியும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012-இல் மாட்டிய பீர் டின் 2020-இல்தான் கையில் கிடைத்தது. அதில் 2,953 பாதைகள்! அதை மாட்டியவருக்கும் அதற்கு முந்தைய முயற்சிகள் ஈரத்தில் பாழானவைதான்.

டப்பா_கேமரா:
போய்ப் பார்த்தேன். டேப்பின் கீழ்முனை உரிந்து, டின் விரல் பட்டாலே ஆடுகிறது. சாய்ந்த கோடுகள் நடுவுக்குச் சற்று அப்பால்தான் தொடங்குகின்றன, ஏப்ரலாக இருக்கும். இனி கேபிள் டைதான். அடுத்ததற்கு டிசம்பர் வரை காத்திருக்கணுமா?

நிழல்கோல்:
எதற்கு? இன்றைக்கே மாட்டுங்கள். டிசம்பர் 21 வரை சூரியன் வந்த வழியே திரும்பும். அன்றைக்கு மறக்காமல் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பழைய கோடுகள் மேலேயே புதுசு விழும்.