பையனுக்கு எந்த டீம்? ஆர்சனலா, பெங்களூரா, சென்னையினா?

கன்னர்_கிருஷ்ணகிரி:

கேள்விக்கு முன்னால் என் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் கிருஷ்ணகிரி. மாங்கூழ் கம்பெனியில் லேப் வேலை. மே கடைசியில் இங்கிலாந்து பிரீமியர் லீக் முடியும்போதுதான் எங்களுக்குப் பெங்களூரா மாங்காய் லோடு வர ஆரம்பிக்கும், ஆகஸ்டில் லீக் தொடங்கும்போது லோடு குறைந்திருக்கும். அதனால் வேலையும் கால்பந்தும் இதுவரை சண்டை போட்டதில்லை. வீட்டில்தான் இப்போது சண்டை.

2003-04இல் சேலத்தில் ஹாஸ்டல் டிவியில் லண்டன் டீம் ஆர்சனலைப் பார்க்க ஆரம்பித்தவன் நான். அந்த சீசன் 38 மேட்ச், ஒன்றுகூடத் தோற்கவில்லை. எங்கள் ஸ்ட்ரைக்கர் ஹென்றி இடது பக்கமிருந்து உள்ளே வெட்டி ஓடுவதைப் பார்த்த பிறகு வேறு டீம் மேல் கண் போகுமா? அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 2011இல் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோல்வி. கோப்பையே இல்லாமல் ஒன்பது வருஷம். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் லீக்கில் இரண்டாவது இடம். "இந்த டீமுக்கா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்கீங்க?" என்று வீட்டம்மா கேட்பாள். பதில் இல்லாமல் இல்லை, காலை ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சொல்கிற பதில் இல்லை அது.

பையன் நாலாவது படிக்கிறான். என் மச்சான் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பையன் பிறந்த நாளுக்கு அவன் பெங்களூரு எஃப்சி சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். முதுகில் 11, அவர்கள் ஸ்ட்ரைக்கர் சேத்ரியின் நம்பர். துவைத்துத் துவைத்து அதில் ஒரு 1 உரிந்துவிட்டது. இப்போது வெறும் 1 நம்பரோடு, எங்கள் தெரு கோல்கீப்பர் மாதிரி சுற்றுகிறான்.

ஸ்கூல் வேன் கதை வேறு. போன வருஷம் முழுக்கப் பிங்க், மயாமி சட்டை. அதே பிள்ளைகளின் அண்ணன்மார் பிஎஸ்ஜி போட்டிருந்தார்கள், அதற்கு முந்தி பார்சிலோனா. மெஸ்ஸி எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊருக்கு வேனே டிக்கெட் எடுக்கிறது. இதுகூடப் பரவாயில்லை. மான்செஸ்டர் சிட்டி ஏதோ ஒரு மேட்ச் தோற்ற மறுநாள் என் பையன் வந்து, "அப்பா, நான் இனிமே ரியல் மாட்ரிட்" என்கிறான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இவனை நானே பிடித்து ஆர்சனலுக்குள் உட்கார வைக்கலாமா? இல்லை, பக்கத்து ஊர் டீம் என்று பெங்களூரை விட்டுவிடுவதா? எந்த டீமாக இருந்தாலும் தோற்ற மறுநாள் மாறக்கூடாது. என் கண்டிஷன் அது ஒன்றுதான்.

நாலுரோடு நந்தா:

தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? தமிழ்நாட்டுப் பிள்ளை, சென்னையின் எஃப்சி. முடிந்தது.

2018 மார்ச் 17 தெரியுமா? ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், பெங்களூரோடு, அவர்கள் ஊரில், கண்டீரவா ஸ்டேடியத்தில். ஒன்பதாவது நிமிஷம் சேத்ரி கோல் போட்டார், மைதானமே அதிர்ந்தது. அப்புறம் நம் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் எகிறித் தலையால் ஒன்று, பாதி நேரத்துக்கு முன்னால் அதே மாதிரி இன்னொன்று. ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் அவர்கள் ஒன்று போட்டும் 3-2. அந்த சீசனில் நம் நடுக்களத்தில் ஆடியவர் தனபால் கணேஷ், வடசென்னைக்காரர். தண்ணிக்கு அவர்களோடு சண்டை, பந்துக்கு மட்டும் கூட்டா? ஒகேனக்கல் வைத்திருக்கிற மாவட்டத்திலிருந்து கேட்கிறேன்.

கன்னர்_கிருஷ்ணகிரி:

நந்தா அண்ணா, கோபப்படாமல் சொல்லுங்கள். சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போயிருக்கிறீர்களா?

நாலுரோடு நந்தா:

போனதில்லை. நீங்கள் லண்டன் போயிருக்கிறீர்களா?

பாலக்கோடு ரெட்:

8-2ஐ நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. பையனை யுனைடெட்டுக்கு அனுப்பி வையுங்கள். 2013இல் எங்கள் மேனேஜர் ஃபெர்குசன் போனதிலிருந்து ஒரு லீக் பட்டமும் இல்லை. தோல்வியைத் தாங்கப் பழக்க வேண்டும் என்றால் எங்களிடம் முழு சிலபஸும் இருக்கிறது.

பாகலூர் ரோடு:

நான் ஓசூர். வீட்டில் தெலுங்கு, ஸ்கூலில் தமிழ், கடையில் கன்னடம். அதனால் மாநிலக் கணக்கெல்லாம் எனக்கு அவ்வளவாக ஏறாது. எனக்குத் தெரிந்த கணக்கு கிலோமீட்டர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு 250க்கு மேல், பெங்களூருக்கு 90. மேட்ச் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே வீட்டில் வந்து படுக்கக்கூடிய டீம் எதுவோ, பிள்ளைக்கு அதுதான் டீம்.

என் மகளைக் கண்டீரவாவுக்குக் கூட்டிப்போன கதையைச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது. மஞ்சள் லைனில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறி, கப்பன் பார்க்கில் இறங்கலாம். நாங்கள் போனபோது அதெல்லாம் கிடையாது. பஸ், சில்க் போர்டு நெரிசல், அப்புறம் ஆட்டோ. உள்ளே போனால் அந்த மைதானத்தில் ஒரு குறை, பந்தாடும் இடத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் தள்ளித் தெரிவார்கள். அந்தக் கோடியில் நடப்பது சின்னப் பிள்ளைக்குச் சுத்தமாகத் தெரியாது. முதல் பாதி முழுக்க அவள் மேட்ச்சைப் பார்க்கவில்லை. வெஸ்ட் பிளாக்கில் டிரம் அடிப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பாதியில் மாற்று ஆட்டக்காரர்கள் எங்கள் முன்னால் அந்தத் தடத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் தனியாகக் குனிந்து தொடையை இழுத்துக்கொண்டு நின்றான். இவள் கை காட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். அவ்வளவுதான். அன்றைக்கு அவனை இறக்கவே இல்லை. "ஏம்ப்பா அந்த அண்ணனை விளையாட விடலை?" என்று அத்திப்பள்ளி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். அதிலிருந்து பெங்களூரு மேட்ச் என்றால் முதலில் யார் பெஞ்சில் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறாள்.

ஹென்றி உங்களைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டியிருக்க வாய்ப்பில்லை, இல்லையா?

ஊத்தங்கரை மஞ்சுநாத்:

எல்லோரும் டீம் டீம் என்கிறீர்கள். டீமே இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?

நான் கோயம்புத்தூரில் பவுண்டரியில் வேலை பார்த்தவன். 2018-19இல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சென்னை சிட்டி எஃப்சி, நந்தா சொல்கிற சென்னையின் இல்லை. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பெத்ரோ மான்சி 21 கோல். கடைசி நாளில் மினர்வாவை 3-1 என்று அடித்து, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு பாயிண்ட் அதிகம் எடுத்துக் கோப்பை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். சில வருஷத்தில் கிளப் லீக்கிலேயே இல்லை. அந்த ஜெர்சியை என் தம்பி இப்போது வயலுக்குத் தண்ணி கட்டப் போகும்போது போட்டுக்கொள்கிறான். நான் யாருக்கு விசுவாசமாக இருப்பது?

இங்கிலாந்தில் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்கிற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2002இல் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று ஒன்றை ஆரம்பித்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011இல் நான்காம் அடுக்குக்கு வந்துவிட்டார்கள். அங்கே கிளப் போனாலும் ரசிகர் கூட்டம் மிஞ்சுகிறது. நம் ஊரில் கிளப் மூடினால் வாட்ஸ்அப் குரூப்பும் சேர்ந்து மூடிவிடும். ஐஎஸ்எல்லும் அப்படி ஒன்றும் உறுதியாக நிற்கவில்லை. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 2025இல் வழக்கமான நேரத்துக்கு சீசன் தொடங்கவே இல்லை. நாலாவது படிக்கிறவனுக்கு இதெல்லாம் யார் விளக்குவது? ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், சட்டையை விட்டுவிடுங்கள்.

அரூர் பி.டி. டீச்சர்:

பையன், பையன் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். ஓசூர்க்காரர் ஒருவர்தான் மகளைப் பற்றி எழுதினார், அதுவரைக்கும் சந்தோஷம்.

மதுரை சேது எஃப்சி 2018-19இல் இந்திய மகளிர் லீக் சாம்பியன். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை ஃபைனலில் தோற்கடித்துத் தேசியக் கோப்பை வாங்கியது, 2023இல் ஹரியானாவை வென்று மறுபடியும் வாங்கியது. இந்துமதி கதிரேசன் கடலூர் பக்கத்துப் பெண், இந்தியாவுக்கு ஆடியவர். உங்களில் எத்தனை பேர் இதையெல்லாம் வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னீர்கள்?

என் பிள்ளைகளுக்கு எந்தக் கிளப்பும் தெரியாது. எங்கள் கிரவுண்டில் ஒரு பக்கத்துக் கோல் போஸ்ட் பாதி புளியமரம், பாதி செருப்புக் குவியல். போன குறுவட்டப் போட்டியில் பக்கத்துப் பள்ளியிடம் தோற்றுவிட்டு வரும்போது பஸ்ஸில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை நான் போவதற்கு முன்னால் புளியமரத்தடியில் பெனால்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணகிரி தம்பி, நீங்கள் கண்டிஷன் என்கிறீர்களே, அது டிவியில் வராது. பையன் ஏதாவது டீமில் ஆடுகிறானா? அதை நீங்கள் எழுதவே இல்லை.

கன்னர்_கிருஷ்ணகிரி:

டீச்சர், ஆடுகிறான். சாயங்காலம் தெருவில், ஞாயிற்றுக்கிழமை கலைக் கல்லூரி கிரவுண்டில் பெரிய பையன்கள் விட்டால். அங்கே ரைட் பேக்கில், அதாவது வலது பக்கத் தடுப்பில், நிறுத்திவிடுகிறார்கள் என்று அழுகிறான். ரைட் பேக்கின் மகிமையைச் சொல்ல லாரனின் வீடியோ ஒன்றைக் காட்டினேன், 2004 ஆர்சனல் டீமில் ரைட் பேக் அவர். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வயதுக்கு அது கறுப்பு வெள்ளைக் காலம்.

மஞ்சுநாத் அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சட்டை இல்லாமல் ஆட்டத்தை மட்டும் ரசிப்பது பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைக்குக் கத்துவதற்கு ஒரு பக்கம் வேண்டும். மூடிப்போன கிளப்பைப் பற்றி நீங்களே இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பக்கம் இன்னும் உங்களிடம் இருக்கிறது.

பாகலூர் ரோட்டுக்காரர் எழுதியதைப் படித்ததும் முடிவு செய்துவிட்டேன். ஆர்சனல் என் பிரச்சினை. ராத்திரி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன், அவனாக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் விரட்ட மாட்டேன். பகலில் அவன் பெங்களூர்தான். என் மச்சான் ஜெயித்தான் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம், அவனும் இதைப் படிக்கிறான். பாகலூர் ரோடு அண்ணா, ஏழரை மணி மேட்ச் முடிந்தால் திரும்பி வர பஸ் கிடைக்குமா? பிள்ளையோடு பைக்கில் வர எனக்குத் தைரியம் இல்லை.

பாகலூர் ரோடு:

ஓசூர் வரை பஸ்ஸுக்குக் கவலையே இல்லை. அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கும் சேலம், தர்மபுரி வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். நேரமானால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கும் பெஞ்சைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும். ஒன்று மட்டும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று 85ஆவது நிமிஷத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

நாலுரோடு நந்தா:

சென்னையின் அங்கே ஆட வருகிற அன்றைக்குப் போங்கள், நானும் வருகிறேன். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி உங்கள் ஊர் டோல்கேட்டில் இறங்கிக்கொள்கிறேன். அவர்கள் ஆட்கள் நடுவில் உட்கார்ந்தாலும் எனக்குக் கவலை இல்லை. இரண்டு டீம் சட்டையும் நீலம்தான், வாயைத் திறக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.