முகத்தில் தடவும் ஸ்குவாலேனுக்கு ஆய்வகத்தில் என்ன வேலை?

எம்எஸ்சி மாணவி:
அக்கா முகத்துக்குத் தடவும் எண்ணெய்ப் பாட்டிலில் ‘ஸ்குவாலேன்’ என்று போட்டிருக்கிறது. கலவையை ஆவியாக்கி, வாயுவோடு குழாய்க்குள் ஓட்டிப் பிரிக்கும் எங்கள் வாயு குரோமடோகிராபி பாடத்திலும் அதே பெயர் வருகிறது. குழாய்க்குள் பூசும் திரவங்களின் முனைவை (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை) ஒப்பிடும் மெக்ரெனால்ட்ஸ் மாறிலி அட்டவணையில் அதற்கு மட்டும் எல்லாமே பூஜ்ஜியம். ஏன் அதை அளவுகோலாக வைத்தார்கள்? கடைப் பாட்டிலையே செய்முறைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

குழாய் நிரப்பிய ஆள்:
ஸ்குவாலேனில் 30 கார்பன், 62 ஹைட்ரஜன், வேறொன்றும் இல்லை. இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூடக் கிடையாது. முனைவே இல்லாத திரவம் என்பதால் ஒப்பீட்டை அதிலிருந்து தொடங்கினார்கள். ஸ்குவாலேன் பூசிய குழாயில் பென்சீனின் தக்கவைப்புக் குறியீடு, அதாவது குழாய் அதை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று காட்டும் எண், 653. முனைவு மிகுந்த கார்போவாக்ஸ் 20எம் என்ற பொருள் பூசிய குழாயில் அதைவிட 322 கூடுதல். அந்த 322தான் அட்டவணையில் நீங்கள் பார்க்கும் எண்.

குழாயை நாங்களே தயாரித்த காலம் உண்டு. ஸ்குவாலேனைப் பென்டேனில் கரைத்து, திரவத்தைத் தாங்கும் குரோமோசார்ப் தூளின் மேல் ஊற்றி, சுழல் ஆவியாக்கியில் நிதானமாகச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் துகள் நொறுங்கிவிடும். பென்டேன் முழுக்கப் போனதும் தூள் காய்ந்த மணல்போல உதிரும், எண்ணெய் இருப்பதே தெரியாது. அப்புறம் வெப்பநிலையில் கவனம் வேண்டும். 120 டிகிரியைத் தாண்டினால் ஸ்குவாலேனே ஆவியாகி வெளியே வரும், பதிவு வரைபடத்தின் அடிக்கோடு ஏறிக்கொண்டே போகும். சுமந்து செல்லும் வாயுவில் ஆக்சிஜன் கலந்தாலும் கெடுதல்தான். கிளை பிரியும் கார்பன்களில் ஆக்சிஜனேற்றம் நடந்து முனைவுள்ள பொருட்கள் சேரும், ஆல்கஹால்கள் குழாயிலிருந்து தாமதமாக இறங்கும். இந்தத் தொல்லைகளால்தான் இன்று அந்த இடத்தில் சிலிக்கோன் குழாய்கள் இருக்கின்றன.

மசகு ஆய்வுக்காரன்:
எங்கள் பக்கம் அது இன்னும் அன்றாடப் பொருள். ஆறு மீத்தைல் கிளைகள் இருப்பதால் லேசில் உறையாது, மைனஸ் 38 டிகிரி வரை போகலாம். அழுத்தம் கூடும்போது பாகுநிலை எப்படி ஏறுகிறது என்று பார்க்க இதைத்தான் மாதிரி மசகாக எடுக்கிறோம். ஒரே மூலக்கூறு என்பதால் கணினிக் கணக்கோடு நேரடியாக ஒப்பிடலாம். எஞ்சின் ஆயிலில் அது முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடின்பரோ ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் செய்கிற வேலை. வெற்றிடக் கலத்துக்குள் ஒரு சக்கரம் ஸ்குவாலேனில் தோய்ந்தபடி சுழலும். அதன் மேல் ஒட்டும் படலம் புதிதாகிக்கொண்டே இருக்கும். அதில் ஆக்சிஜன் அணுக்களை மோதவிட்டு, தெறித்து வருவதை லேசரால் பார்க்கிறார்கள். அறை வெப்பநிலையில் இது ஆவியாவது அவ்வளவு குறைவு என்பதால்தான் வெற்றிடத்தில் வைக்கவே முடிகிறது.

எம்எஸ்சி மாணவி:
நன்றி சார். தடுப்பூசியில் சேர்ப்பதும் இதுதானா?

குழாய் நிரப்பிய ஆள்:
இல்லை, அது ஸ்குவாலீன். ஆறு இரட்டைப் பிணைப்புகள் கொண்டது. 1906இல் ஜப்பானின் சுஜிமோட்டோ சுறா ஈரல் எண்ணெயில் கண்டுபிடித்தார். தடுப்பூசியின் வீரியத்தைக் கூட்டும் எம்எஃப்59 என்ற துணைப்பொருளில் அதன் நுண்துளிகள்தான் இருக்கின்றன. அதற்கு ஹைட்ரஜன் ஏற்றினால் உங்கள் ஸ்குவாலேன்.

கடைப் பாட்டில் வேண்டாம். ஆலிவிலிருந்து எடுத்ததில் மெழுகு எஸ்டர்கள் ஒட்டிக்கொண்டு வரலாம், சிலர் வைட்டமின் ஈ சேர்த்தும் விற்கிறார்கள். தோலுக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் முனைவில்லாத குழாய்க்கு ஆகாது. தூய்மைச் சான்றோடு வரும் சிறிய பாட்டிலாகத் துறையில் கேட்டு வாங்குங்கள். திறந்ததும் நைட்ரஜன் நிரப்பி மூடி வையுங்கள்.